பாதிக் காடியின் கண்ணாடி

காப்பார் சாலையில் கடல் பக்கமாகத் திரும்பி, செம்பனை எண்ணெய் ஆலையைத் தாண்டி, தாமான் செம்பாக்கா குடியிருப்புக்குள் நுழைந்து சன்னாசி வீடு எது என்று கேட்டால், கேட்ட வாய் மூடுவதற்குள் கையைக் காட்டிவிடுவார்கள்; ஏனென்றால் அந்த வரிசையில் எல்லார் வீட்டுப் போர்ச்சிலும் முழுக் காடி நிற்க, சன்னாசி வீட்டில் மட்டும் ஒரு காடியின் பின்பாதி, மூஞ்சியும் இல்லாமல் இன்ஜினும் இல்லாமல், மரக்கட்டைமேல் குந்திக்கொண்டு வருஷக்கணக்கில் கிடந்தது. எழுபத்து மூன்றாம் வருஷத்து டொயோட்டா செலிக்கா. கல்யாணமான புதிதில் அதில்தான் இந்திராணியை ஏற்றிக்கொண்டு போர்ட்டிக்சன் கடலுக்கும் கேமரன் மலைக்கும் போய் வந்தார். அப்புறம் ஒரு நாள் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று பின்பக்கமாக எடுக்கும்போது, சும்மா நின்ற செலிக்காவின் முன்பக்கத்தை அப்பளமாக நொறுக்கிவிட்டது. வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டிருப்பான். சன்னாசி நொறுங்கினதை அறுத்துப் போட்டுவிட்டு, நல்ல பாதியைத் துடைத்து, துரு பிடிக்காமல் எண்ணெய் பூசி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்துக்கொண்டார். பேர்தான் சன்னாசி, ஒரு தகரத்தைக்கூட விட மனசு வராத ஆள்.

"ஊருல அவனவன் காடி வச்சிருக்கான், எங்க வீட்டுக்காரரு வாலு வச்சிருக்காரு" என்று இந்திராணி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்தாலும், அந்த வாலுக்கு ஒரு முகம் கிடைக்க வேண்டுமென்று வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது ஒரு வார்த்தை சேர்த்து வேண்டிக்கொள்வாள். பழைய ஜப்பான் காடிப் பைத்தியங்களுக்கு நாடு முழுக்க ஒரு சொந்தபந்தம் உண்டு. சம்பந்தம் பேசுகிற மாதிரி அங்கே ஒரு கதவு இருக்கிறதாம், இங்கே ஒரு மூடி இருக்கிறதாம் என்று சேதி சொல்லி அனுப்புவார்கள். அப்படித்தான் ஈப்போவில் ஒருத்தனிடம் அசல் கதவு ரப்பர் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு காலையில் சன்னாசி தன் பழைய புரோட்டோனில் கிளம்பினார். இந்திராணி எப்போதும்போல கேட்டுக்கு வெளியே வந்து நின்று வழியனுப்பினாள். மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து கைப்பேசியில் கூப்பிட்டு, "சீக்கிரம் வாங்கண்ணே" என்றார்கள். ரப்பரோடு வந்து இறங்கினால் வாசல் முழுக்கச் செருப்பு. துணி காயப்போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தானாம்.

முன்பாதி வந்தது அதற்கு அடுத்த வருஷம். ஜப்பானில் வயசான காடிகளை முழுசாக அனுப்பினால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று, ஓட்டுகிறவர் இருக்கைக்குப் பின்னால் கரகரவென்று அறுத்து, முன்பாதியைச் சாமான் என்று சொல்லிக் கப்பலேற்றி விடுவார்கள். அதற்கு இங்கே ஹாஃப்கட் என்று பேர். காப்பார் சாலையில் அப்படி வந்த தலைகளை மட்டும் மூன்று அடுக்காக அடுக்கி வைத்திருக்கும் சீன முதலாளி, தவுக்கே ஆ லெக் ஒரு காலையில் கூப்பிட்டு, "சன்னாசி, உன் வாலுக்குத் தலை வந்திருச்சு லா" என்றான். அதே வருஷம், அதே மாடல், வெட்டுக்கோடுகூட ஏறக்குறைய அதே இடத்தில். சன்னாசிக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. லோரியில் ஏற்றி வந்து, பின்பாதிக்கு முன்னால் ஒரு முழம் இடம் விட்டு நிறுத்தி, தூசி தட்டி, ஓட்டுகிறவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். யாராயிருந்தாலும் முதலில் செய்வதுபோல, பின்னால் பார்க்கிற கண்ணாடியைத் தன் கண்ணுக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

கண்ணாடியில் இந்திராணி நின்றாள்.

அவருக்குப் பின்னால் உண்மையில் இருந்தது ஒரு துணி துவைக்கும் இயந்திரமும், தார்ப்பாய் விலக்கின பின்பாதியும்தான். கண்ணாடிக்குள்ளோ காலை வெயில். அவர் வீட்டு கேட். கேட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, பூப்போட்ட பாத்தேக் கைலியும் தோளில் துண்டுமாக, ஈப்போவுக்குக் கிளம்பின அன்றைக்கு நின்ற அதே நிற்பு. படம் மாதிரி இல்லை. கொசுவை அடித்தாள். முடியை ஒதுக்கினாள். கண்ணுக்கு மேலே கையை வைத்து அவர் பக்கமாகவே பார்த்தாள். சன்னாசி திரும்பிப் பார்த்தார், துணி துவைக்கும் இயந்திரம். கண்ணாடியைப் பார்த்தார், இந்திராணி. "ஏம் புள்ள, இங்கயா இருக்க?" என்றார். அவளுக்குக் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. அன்றைக்கு அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவே இல்லை.

சாயங்காலம் வந்தவன் அந்தோணிசாமி. சன்னாசிக்குப் பெயின்ட் அடித்துக் கொடுக்கிற கூட்டாளி. வாய் கொஞ்சம் நீளம். சன்னாசி சொன்னதைக் கேட்டு, "தள்ளுங்கண்ணே, நானும் அண்ணிய ஒரு எட்டுப் பாக்குறேன்" என்று ஏறி உட்கார்ந்தவன், ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டான். அவனுக்குத் தெரிந்தது அண்ணி இல்லை. புக்கிட் ரோத்தான் பக்கத்து எஸ்டேட்டில், லயத்துக்கு முன்னால் பஸ் நிற்கிற இடத்தில், அவன் வேலை தேடிக் கிள்ளானுக்குப் புறப்பட்ட அன்று நின்ற மாதிரியே அவன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அதற்கப்புறம் அவன் அவளை உயிரோடு பார்க்கவில்லை. இறங்கி வந்து மூக்கைச் சிந்திவிட்டு, "ஜப்பான்காரன் விருந்தாளி காடி கண்ணுக்கு மறையுற வரைக்கும் வாசல்லயே நின்னு குனிஞ்சுகிட்டே இருப்பானாம்ணே. அந்தப் பழக்கம் கண்ணாடியில ஊறிப் போயிருக்கும்" என்றான். ஆ லெக்கிடம் சொன்னதற்கு அவன், "கண்ணாடிக்கெல்லாம் கேரண்டி இல்லே, திருப்பி எடுக்க மாட்டேன்" என்றதோடு சரி. ஆனால் மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அவனும் வந்து உட்கார்ந்து, பொந்தியான் படகுத் துறையில் கையாட்டிக்கொண்டு நின்ற தன் அண்ணனைப் பார்த்துவிட்டுப் போனான்.

அப்புறம் கேட்க வேண்டுமா! தாமானே திரண்டது. யார் உட்கார்ந்தாலும், தன்னைக் கடைசியாக வழியனுப்பிவிட்டு அதற்கப்புறம் முகம் பார்க்கக் கிடைக்காமல் போன ஆள் கண்ணாடியில் நின்றார். பசியாறின கையோடு வருகிறவர்களும், வேலை முடிந்து தொழிற்சாலைச் சட்டையோடு வருகிறவர்களும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறவர்களும், எதிர் வீட்டு ஜைனாப் அக்காவும், சைக்கிளில் ரொட்டி விற்கிற பாயும், ஒருவர் பின் ஒருவராக ஏறி, பார்த்து, அழுது, இறங்கி, சட்டியில் கொண்டுவந்த பலகாரத்தைச் சன்னாசி வீட்டு அடுப்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். யாரோ கண்ணாடி ஓரத்தில் குங்குமம் வைத்தார்கள். ஜைனாப் அக்கா, "அத வச்சா எங்கப்பா பாதி மறையுறாரு" என்று துடைத்தாள். அதில் ஒரு சின்ன சண்டை வந்து, குங்குமத்தைக் கண்ணாடியில் வைக்காமல் சக்கரத்தில் வைப்பது என்று முடிவானது. கோயில் தலைவர் குழந்தைவேலுவும் வந்தார். ஏறி உட்கார்ந்தார், கண்ணாடியை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், வெறும் ரோடு. அவரை வழியனுப்ப ஒரு நாளும் ஒரு ஆளும் வாசலுக்கு வந்ததில்லை. இறங்கி வந்து, "நல்ல கூட்டம்பா, எனக்கு நிக்கிறவங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். பாவம், அன்றிலிருந்து அவர் பெண்டாட்டி தினமும் கேட்டடியில் வந்து நின்று கையாட்டினாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது.

விடிகாலையில் மட்டும் கண்ணாடி சன்னாசிக்கு. பால் ஊற்றித் தே கலக்கி எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார். இந்திராணி நிற்பாள். இன்றைக்கு ரேடியேட்டர் ஊற்றிப் பார்த்தேன் ராணி, ஒழுகவில்லை; இன்றைக்குக் கார்புரேட்டரைப் பிரித்தேன், உள்ளே ஜப்பான் மண்ணு; உன் தங்கச்சி கமலவேணி மீன் குழம்பு கொண்டு வந்தாள், உன் கைப்பக்குவம் இல்லை; இப்படியே பேசிக்கொண்டிருப்பார். மூன்று வேளையும் சோறு இறங்காமல் இருந்த மனுஷன் தேறி வந்தார், கன்னத்தில் சதை போட்டது. "அத்தான் பொழைச்சுக்கிட்டாரு" என்று கமலவேணி எல்லாரிடமும் சொன்னாள்.

ஆனால் காடி மட்டும் முடியவில்லை. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவன் பழைய காடியை எழுப்பிப் பார் என்பதைச் சேர்க்காமல் விட்டுவிட்டான். தரையில் ஒரு துருப்புள்ளி தெரிந்தால் அதைச் சுரண்டப் போய், அதன் கீழே ஒரு கையகலம், அதன் கீழே ஒரு முழம் என்று தகரமே ஓட்டையாகும். அது எல்லாருக்கும் உள்ளது. சன்னாசியோ இல்லாத துருவையெல்லாம் தேட ஆரம்பித்தார். இன்ஜின் ஓடியது. பிரேக் பிடித்தது. இரண்டு பாதியையும் சேர்த்து வெல்டிங் வைப்பது ஒன்றுதான் பாக்கி. அதை மட்டும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளினார். பின்பாதி வந்து ஒட்டிக்கொண்டால் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியாகி, பின்பக்கச் சீட்டையும் ரோட்டையும் காட்ட ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயம். தாமானுக்கும் அதே பயம்தான். "பாதியாவே இருக்கட்டும்ண்ணே, முழுசா இருக்குற காடி எல்லார் வீட்டுலயும்தான் இருக்கு" என்றார்கள்.

இப்படியிருக்க, கண்ணாடி பார்க்க வருகிறவர்களில் தில் பகதூர் என்று ஒரு நேப்பாளக்காரன், செம்பனை ஆலையில் காவல் வேலை. அவனுக்குக் கண்ணாடியில் தெரிந்தவள் செத்தவள் இல்லை; நல்லாயிருக்கிற பெண்டாட்டி. மலைச்சரிவில் ஒற்றையடிப் பாதையில் சிவப்புச் சால்வையோடு நின்று அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஊருக்குப் போக முடியாத அவனுக்கு அதுவே பெரிய பாக்கியமாக இருந்தது. வேலைக்குப் போகுமுன் சப்பாத்தைப் பளபளவென்று துடைத்துக்கொண்டு, அவளே நேரில் பார்க்கப் போகிற மாதிரி வந்து உட்காருவான். ஒரு நாள் அவன் உட்காரவில்லை. கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு போர்ச்சிலேயே நின்றான். என்ன தம்பி என்று சன்னாசி மலாயில் கேட்டதற்கு, தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னான்.

"வீட்டுல பேசினேன் மாமா. கொஞ்ச நாளா அவளுக்கு என்னமோ ஆகுதாம். விடிஞ்சா எழுந்து அந்தப் பாதைக்கு வந்து நின்னுர்றாளாம். எதுக்குன்னு அவளுக்கே தெரியலயாம். மாடு கத்துதாம், பிள்ளை அழுவுதாம், நகர முடியலயாம். காலு ரெண்டும் வீங்கிப் போச்சுன்னு அழுவுறா."

அவன் போனதும் சன்னாசி காடிக்குள் ஏறி, கண்ணாடியைக் கீழ்நோக்கிச் சாய்த்தார். அத்தனை மாதமாக அவள் முகத்தை மட்டும்தான் அவர் பார்த்திருந்தார். இந்திராணியின் கால்கள் தெரிந்தன. கணுக்கால் எது, பாதம் எது என்று தெரியாத வீக்கம். ஒரு காலை லேசாகத் தூக்கி மறு காலில் பாரத்தைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் மாற்றினாள். கேட்டைப் பிடித்திருந்த கை, சும்மா பிடித்ததில்லை, ஊன்றிப் பிடித்திருந்தது. அப்போதுதான் அந்த மனுஷனுக்கு உறைத்தது. இந்த வரிசையில் எல்லாப் பெண்களும் கையாட்டிவிட்டு உடனே உள்ளே போய்விடுவார்கள். இந்திராணி மட்டும் காடி, வாழைப்பழம் பொரிக்கிற பீசாங் கோரெங் கடை மூலை திரும்பிக் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நின்றுதான் உள்ளே போவாள், ஆள் மறையுமுன் முதுகைக் காட்டக் கூடாது என்பாள். இந்தக் காடி எங்கே மறைந்தது? மரக்கட்டைமேல் அப்படியே நிற்கிறது. காடி போகவில்லை, அவளும் உள்ளே போகவில்லை.

தெரிந்துவிட்டது. தெரிந்தும் மனுஷன் வெல்டிங் வைத்தாரா என்றால், இல்லை. அதுதான் ஆசை செய்கிற வேலை. நாளைக்கு ஆகட்டும், இன்னும் ஒரே ஒரு நாள் என்று, கதவு இடைவெளியை அளப்பதும், அளந்ததை மறுபடி அளப்பதுமாக இருந்தார். காலையில் தே எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் பேச்சு வரவில்லை. முகத்தைப் பார்த்தால் கால் ஞாபகம் வந்தது, காலைப் பார்த்தால் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் போய் உட்கார்ந்தார்.

ஒரு மத்தியானம், தாமானில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, கண்ணாடிக்குள் மழை பிடித்துக்கொண்டது. இந்திராணி துண்டை எடுத்துத் தலையில் போட்டாள். மழை வலுத்தது. துண்டு நனைந்து முகத்தோடு ஒட்டியது. உள்ளே போ, உள்ளே போடி என்று சன்னாசி கத்தினார். அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்து, மழைக்குள்ளே காடி தெரிகிறதா என்று பார்த்தாள். சன்னாசி இறங்கி ஓடி, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த குடையை எடுத்து வந்து, இருக்கைக்குப் பின்னால் ஒன்றுமில்லாத இடத்தில் விரித்துப் பிடித்தார். பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். நனைந்துகொண்டுதான் நின்றாள். குடையை இன்னும் எட்டிப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த அந்தோணிசாமி, பொட்டு மழையில்லாத போர்ச்சில் பாதிக் காடிக்குள் உட்கார்ந்து வெறும் இடத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிற மனுஷனைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் ஒன்றும் கிண்டல் பண்ணவில்லை. குடையை வாங்கி மடக்கினான்.

"வெல்டிங் வச்சிருவோம்ணே" என்றான்.

சேதி பரவியதும் தாமான் சும்மா இருக்குமா? கூட்டமாக வந்தார்கள். கமலவேணி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"அத்தான், ஒட்டினதும் கண்ணாடி செத்துப் போச்சுன்னா? எங்கக்காவ இன்னொரு தடவ கொல்லப் போறீங்களா?"

"அவளுக்குக் காலு வலிக்குதும்மா."

"செத்தவளுக்கு எப்படி அத்தான் வலிக்கும்?"

"நீயே வந்து பாரு" என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் உட்கார்ந்தால் வேறு யாரோதான் தெரிவார்கள் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். "வலிக்குது. நான் பாத்தேன். நான் இங்க உக்காந்து தே குடிச்சுக்கிட்டு அவள அங்க நிக்க வச்சிருக்கேன்" என்றார். கமலவேணி விரிந்த தலையை அள்ளி முடிந்துகொண்டாள். கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்களுக்காக நிற்கிற ஆளின் காலை நினைத்துப் பார்த்தார்கள். ஜைனாப் அக்காதான் முதலில், "சரி, ஒட்டுங்க" என்றாள்.

இரண்டு பாதியையும் மட்டம் பார்த்து, குறுக்குக் கயிறு பிடித்து அளந்து, நூலிழை பிசகாமல் சேர்த்து, தரையிலும் கூரையிலும் வாசற்படியிலும் வெல்டிங் வைத்தார்கள். தேய்த்தார்கள். அந்தோணிசாமி பழைய மஞ்சள் பெயின்டையே கலந்து அடித்தான். உள்பக்கமெல்லாம் சன்னாசி தானே துணி வைத்துத் துடைத்தார். பெயின்ட் காய்கிற வரை ஒருவரும் இருக்கையில் உட்காரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மரக்கட்டையை எடுத்துவிட்டு, நாலு சக்கரமும் தரையில் நிற்க, செலிக்காவை ரோட்டுக்குத் தள்ளி, கேட்டுக்கு நேராக நிறுத்தினார்கள். தாமான் முழுக்க இரண்டு பக்கமும் கூடி நின்றது. சன்னாசி வேட்டி கட்டி, திருநீறு பூசி, ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியைப் பார்க்கப் பயந்து கொஞ்ச நேரம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் பார்த்தார். நின்றாள்.

"போயிட்டு வாறேன் ராணி" என்றார். இன்ஜினைக் கிளப்பினார். காடி நகர்ந்தது. இந்திராணி கையைத் தூக்கி ஆட்டினாள். இரண்டாவது வீடு, நாலாவது வீடு, மின்கம்பம், மாமரம்; அவள் சின்னதாகிக்கொண்டே போனாள், ஆனாலும் கையாட்டுவது தெரிந்தது. பீசாங் கோரெங் கடை மூலை வந்தது. திரும்ப வேண்டியதுதான். சன்னாசியின் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. அவர் மிதிக்கவில்லை, கால் மிதித்தது. இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார்.

காடி நின்றுவிட்டதை இந்திராணியும் பார்த்தாள். எதையோ மறந்துவிட்டாராக்கும் என்று நினைத்தாள். எப்போதும் அப்படித்தான், மூக்குக்கண்ணாடியையோ கைப்பேசியையோ மறந்துவிட்டு மூலையில் நிறுத்துவார், அவள் எடுத்துக்கொண்டு ஓடி வருவாள். கேட்டிலிருந்து கையை எடுத்தாள். ரோட்டில் இறங்கினாள். அந்தக் காலை வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து, சாய்ந்து, காடியை நோக்கி நடந்து வர ஆரம்பித்தாள். மின்கம்பத்தைத் தாண்டினாள். மாமரத்தைத் தாண்டினாள். கண்ணாடியில் அவள் பெரிதாகிக்கொண்டே வந்தாள். முகம் தெரிந்தது. நெற்றிப்பொட்டு தெரிந்தது. என்னாங்க, என்ன வேணும் என்று கேட்கிற வாய் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றால் வந்து சேர்ந்துவிடுவாள் போலிருந்தது. வந்து கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தே விடுவாள் போலிருந்தது. சன்னாசியின் உடம்பில் ஒவ்வொரு எலும்பும் நில் நில் என்றது. ஒவ்வொரு எட்டுக்கும் அவள் உதட்டைக் கடித்துக்கொள்வதையும் அவர் பார்த்தார்.

ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். இல்லை என்று ஆட்டினார்.

"ஒண்ணும் மறக்கலம்மா. நீ உள்ள போ."

இந்திராணி நின்றாள். சிரித்தாள், போங்க நீங்களும் உங்க காடியும் என்கிற அந்தச் சிரிப்பு. சன்னாசி பிரேக்கை விட்டார். செலிக்கா மூலை திரும்பியது. கண்ணாடியில் பின்சீட்டும், அதற்குப் பின்னால் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வருகிற அந்தோணிசாமியும் தெரிந்தார்கள்.

கடற்கரை வரைக்கும் போய், அங்கே காடிக்குள்ளேயே அழ வேண்டியதை அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். கூட்டம் அப்படியே நின்றது. அவர் இறங்கினார். "உள்ள போயிட்டா" என்று சொன்னார். கமலவேணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தில் பகதூர் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். சன்னாசி இன்ஜினை அணைக்காமல் கதவைத் திறந்து பிடித்தார். அவன் ஏறி, இருக்கையை இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் திருப்பினான். நின்றுகொண்டிருக்கிறாள் என்று அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. சன்னாசி ஜன்னல் வழியாகக் குனிந்து அவன் தோளில் கை வைத்தார்.

"மூலையில மட்டும் நிப்பாட்டிறாதே, தம்பி" என்றார்.